காசை விட்ட பிறகுதான் பத்து: தேர்வுக்கான ரவுண்ட் ஆஃப் விதிகள்

காரைக்குடியில் வணிகவியல் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும்போது நான் அதிகம் சிவப்பு மை வைக்கும் இடம் கடைசி வரிதான். கணக்கு முழுக்கச் சரியாக இருக்கும்; ரவுண்ட் ஆஃப் செய்யும்போது, அதாவது தொகையைப் பக்கத்து முழு எண்ணுக்குக் கொண்டுபோகும்போது, பத்து ரூபாய் எகிறிவிடும். 320இல் ஒரு பங்குக்குக்கூட முந்திரி என்று பெயர் வைத்துக் கணக்கு எழுதிய மொழி நம்முடையது!

வருமான வரியில் மொத்த வருமானம் 6,48,374 ரூபாய் 80 காசு வருகிறது என்று வையுங்கள். 80 காசைப் பார்த்ததும் கை தானாக 6,48,375 என்று எழுதும். அப்புறம் 5 இருக்கிறதே என்று 6,48,380 ஆக்கும். தப்பு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 288ஏ பிரிவு, முதலில் காசை அப்படியே விட்டுவிட்டு, அப்புறம் பக்கத்துப் பத்துக்கு ரவுண்ட் செய்யச் சொல்கிறது. மிஞ்சுவது 6,48,374. கடைசி இலக்கம் 5க்குக் கீழே என்பதால் விடை 6,48,370. கட்ட வேண்டிய வரிக்கும் திரும்பப் பெறும் தொகைக்கும் 288பி பிரிவில் இதே முறைதான். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்துவிட்டதால், பிரிவு எண் எழுதுமுன் உங்கள் தேர்வுக்கு எந்தச் சட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தாமதத்துக்கான வட்டியில் விதி வேறு. 1962ஆம் ஆண்டு விதிகளில் 119ஏ, வட்டி போடும் தொகையில் நூறுக்குக் குறைந்த பகுதியைத் தள்ளிவிடச் சொல்கிறது. மேலே ஏற்றும் பேச்சே இல்லை. பாக்கி வரி 18,790 என்றால் 18,700க்குத்தான் வட்டி. மாதத்தில் மட்டும் தலைகீழ்: 3 மாதம் 5 நாள் தாமதம் என்றால் 4 மாதம். மாதம் 1 சதவீதம் வீதம் 748 ரூபாய். 18,800க்குப் போட்டு 752 எழுதுகிறவர்களே அதிகம்.

ஜிஎஸ்டியில் 170ஆம் பிரிவு எளிது: 50 காசும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாய், குறைந்தால் ஒன்றுமில்லை. சிக்கல் எந்த இடத்தில் ரவுண்ட் செய்வது என்பதில்தான். 1,450 ரூபாய் விலையில் பத்துக் கண்டாங்கிச் சேலை விற்பதாகக் கேள்வி. மத்திய வரி 2.5 சதவீதம், ஒரு சேலைக்கு 36.25. அதை 36 ஆக்கிப் பத்தால் பெருக்கினால் 360. காசோடு பெருக்கினால் 362.50, அதாவது 363. மாநில வரியிலும் இதே மூன்று ரூபாய் குறையும்.

நிதி மேலாண்மையில் இந்த ஓட்டை இன்னும் பெரிது. 12 சதவீதத்தில் மூன்றாம் ஆண்டுத் தள்ளுபடிக் காரணியை (அப்போது வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு) 0.712 என்று வைத்தால் 5 லட்சத்தின் இன்றைய மதிப்பு 3,56,000. நாலு தசமம் வைத்து 0.7118 என்றால் 3,55,900. கேள்வித்தாளில் காரணி கொடுத்திருந்தால் அதையே எடுங்கள். கொடுக்காவிட்டால் கால்குலேட்டரில் வந்த எண்ணை நடுவில் வெட்டாமல் கொண்டுபோங்கள். எத்தனை தசமம் வைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

கம்பெனி ஐந்தொகைக்கு (பேலன்ஸ் ஷீட்) 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இருக்கிறது. மொத்த வருமானம் 100 கோடிக்குக் கீழே என்றால் நூறு, ஆயிரம், லட்சம், மில்லியன் எதிலும் காட்டலாம்; 100 கோடியும் அதற்கு மேலும் என்றால் லட்சம், மில்லியன், கோடி. எதை எடுத்தாலும் எல்லா அறிக்கையிலும் அதே அளவு இருக்க வேண்டும்.