பின்வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது? பெஸ்தாரி ஜெயா பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு

பெஸ்தாரி ஜெயா பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வருகிறார்கள். அன்றைக்குச் செம்பனைக் குலை லோரி அதிகம் ஓடாது, வெயில் பளிச்சென்று அடிக்கும். ஏஜெண்டு ஏர்கோனைப் போட்டு வைத்திருப்பார். அரை மணி நேரத்தில் முன்பணம் கைமாறிவிடும். 35 வருடக் கடனுக்கு அரை மணி நேரப் பார்வை.

டைல்ஸை மாற்றலாம், கூரையை மாற்றலாம், சமையலறையை இடித்தே கட்டலாம். பின்வேலிக்கு அப்பால் இருப்பதையும் கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், எழுதியிருப்பதையும் மாற்றுவது உங்கள் கையில் இல்லை. அதனால் எங்கள் ஆய்வு எப்போதும் வெளியிலிருந்து உள்ளே வரும். பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் இந்த ஊரில், வெளியே என்றால் செம்பனை, ஈயக்குட்டை, சிலாங்கூர் ஆறு.

மரத்துக்கு வயது என்ன?

தாமானின் கடைசி வரிசையில் வீடு பார்த்தால் வேலிக்குப் பின்னால் செம்பனை நிற்கும். நிழல், காற்று, எதிரே வீடு இல்லை என்று ஏஜெண்டு அதையே சிறப்பாகச் சொல்வார். அந்த மரத்தின் வயதைக் கேளுங்கள். செம்பனை நட்ட சுமார் 30 மாதத்தில் காய்க்கத் தொடங்கும், ஏறக்குறைய 25 ஆண்டுவரை லாபம் தரும். பிறகு மரம் உயர்ந்து வெட்டுக்கூலி கட்டுப்படியாகாமல் போகும்போது தோட்ட நிர்வாகம் மறுநடவில் இறங்கும். வயதைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் வெட்டுக்காரர் கையைப் பாருங்கள். உளியால் குத்திக் குலையை இறக்கினால் இளமரம். அரிவாள் கட்டிய நீளக் கம்பை அண்ணாந்து பிடித்துத் தடுமாறினால், சில ஆண்டுகளில் அங்கே எக்ஸ்கவேட்டர் வரும்.

மறுநடவில் மரங்களைச் சாய்த்து, துண்டாக்கி, வரிசையாகக் குவித்து மட்க விடுவார்கள். திறந்தவெளியில் எரிக்கக்கூடாது என்பது விதி. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகும், இரவில் உங்கள் வீட்டு விளக்கைத் தேடி வரும். எலிக்கும் பாம்புக்கும் இருப்பிடம் கலைந்துபோவதால் அவையும் வேலியைத் தாண்டும். இதெல்லாம் போய்விடும் தொல்லை. உண்மையான ஆபத்து தண்ணீரில்தான். மரமும் புல்லும் இல்லாத நிலத்தில் மழை ஊறுவதற்கு முன்பே ஓடிவிடும், மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். மூடுபயிர் படர்ந்து மண்ணைப் பிடிக்கப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் பின்சந்து லோங்கான் சேற்றால் அடைபட்டு, இத்தனை வருடம் வெள்ளமே பார்க்காத வீட்டுச் சமையலறைக்குள் தண்ணீர் நுழையும். உங்கள் வீட்டுத் தரை தோட்டத்து மண்ணைவிட மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று வேலியோரம் நின்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மறுநடவே இல்லாமல் தோட்டத்தை விற்றுவிடவும் கூடும். ஒருநாள் அங்கே தொழிற்சாலை வருமா, தாமான் வருமா என்பதற்கு ஊர்ப்பேச்சை நம்ப வேண்டாம். மாவட்ட உள்ளூர் திட்டத்தில் அந்த நிலம் எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் முகப்பில் கேளுங்கள். நகரத் திட்டமிடல் இலாகாவான பிளான்மலேசியாவின் ஐ-பிளான் இணையப் பக்கத்திலும் வரைபடம் உண்டு. விவசாயம், குடியிருப்பு, தொழில்துறை என்று தெளிவாகப் பிரித்திருப்பார்கள்.

மூக்குக்கும் காலுக்கும் வேலை

அருகில் செம்பனை ஆலை இருந்தால் பகலில் போய்ப் பார்த்துப் பயனில்லை. கழிவுக் குளங்களின் நாற்றம் காற்று அசையாத சாயங்காலத்திலும் இரவிலும்தான் தாழ்வாக இறங்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குலை வரத்து அதிகம், ஆலையும் நிற்காமல் ஓடும். வேலை நாளில் இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை வாருங்கள்.

அப்படியே ஆலைக்குப் போகும் ரோட்டையும் பாருங்கள். லோரியிலிருந்து உதிரும் பழத்தைச் சக்கரங்கள் நசுக்கி நசுக்கி, வளைவுகளில் தார் மேல் எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும். காய்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. மழையின் முதல் பத்து நிமிடத்தில் மோட்டார் சறுக்குவது அங்கேதான். மகன் மோட்டாரில் வேலைக்குப் போகிறவன் என்றால் இதையும் கணக்கில் சேருங்கள்.

கோழிப்பண்ணை அருகில் இருக்கிறதா என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஓட்டுக்கடையில் ஈப்பிசின் தாள் தொங்குகிறதா, அண்டை வீட்டுச் சன்னல்களில் வலை அடித்திருக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

தண்ணீர், இரண்டு வகையிலும்

மேற்குக் கரையில் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் சாயங்கால மழை வலுக்கும். அப்படியொரு மழை விட்ட அரை மணி நேரத்தில் தாமானுக்குள் வந்து நில்லுங்கள். லோங்கானில் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா, திரும்பி வருகிறதா? அண்டை வீட்டில் ஐஸ்பெட்டி செங்கல் மேல் நிற்கிறதா? சுவிட்சு பிளக்குகள் வழக்கத்தைவிட உயரத்தில் புதிதாகப் பொருத்தப்பட்டிருக்கின்றனவா? சிங்குக்குக் கீழே பலகை மட்டும் புதிதாக இருக்கிறதா? சாயம் பூசினால் சுவரில் உள்ள சேற்றுக்கோடு மறையும், கதவுச் சட்டத்தின் அடி ஊறி உப்பியது மறையாது. மளிகைக் கடைக்காரரிடமும் மோட்டார் பட்டறைக்காரரிடமும் கேளுங்கள். அவர்களுக்கு வீடு விற்கும் கவலை இல்லை. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வெள்ளத் தகவல் பக்கத்தில் ஆற்று மட்டத்தை நிலையம் நிலையமாகப் பார்க்கலாம். ஆற்றோட்டத்தில் உங்களுக்கு மேலே இருக்கும் நிலையம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீரைக் காலை ஆறரை மணிக்குச் சோதியுங்கள், எல்லா வீட்டிலும் குளிக்கிற நேரம் அது. 10 லிட்டர் வாளி நிறைய ஒரு நிமிடத்துக்கு மேல் வெகுவாக இழுத்தால், மாடிக்குத் தண்ணீர் ஏறப் பம்பு வைக்க வேண்டிவரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர் என்று பார்த்தால், ஐந்து பேர் வீட்டில் 1,000 லிட்டர் தொட்டி ஒரே நாள்தான் தாங்கும்.

நீட்டிக் கட்டிய சமையலறை

ஈயம் தோண்டிய நிலத்தில் மேலே மணல் தெரிந்தாலும் அடியில் இளகிய சேற்றுக் களிமண் இருக்கலாம். கடலோரம் காப்பார், பந்திங் பக்கம் போனால் களியும் கரிமண்ணும். மேம்பாட்டாளர் வீட்டின் அடித்தளத்துக்கு நிலத்துக்கேற்பப் பைலிங், அதாவது ஆழத் தூண்கள், இறக்கியிருப்பார். பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறைக்குப் பலர் அதைச் செய்வதில்லை. வீடு அப்படியே நிற்க, சமையலறை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு தாழும். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் பிளவு விழும். அந்த மூலையில் மட்டும் பூச்சு தடித்திருந்தால், பல தடவை அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கோலிக்குண்டைத் தரையில் விடுங்கள். தானாகப் பின்பக்கம் உருண்டால் அந்தச் சமையலறை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கக்கூடும். பூச்சில் மயிரிழைபோல் இருக்கும் கீறலுக்குப் பயப்பட வேண்டாம். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நாணயம் நுழையும் அளவுக்கு இருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். நீட்டிக் கட்டியதற்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி வரைபடம் இருக்கிறதா என்பதையும் விற்பவரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பழைய ரப்பர், செம்பனை நிலத்தில் வேர்க்கட்டையைப் புதைத்து மேலே மண் நிரப்பியிருந்தால் கரையானுக்கு விருந்து. கதவுச் சட்டத்தை விரல் முட்டியால் தட்டுங்கள், பொத்தென்று கேட்டால் உள்ளே ஒன்றுமில்லை. சுவரோரமாகத் தரையில் ஓர் அடிக்கு ஒன்றாகச் சிமெண்டு அடைத்த சிறு துளைகள் தெரிந்தால், முன்பே மருந்து செலுத்தியிருக்கிறார்கள். அது குறையல்ல, ஆனால் எந்த ஆண்டு, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று சீட்டைக் கேட்க வேண்டும். கரண்டுப் பெட்டியில் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், சுவிட்சு விழ வேண்டும். பழைய மலிவு வீடுகளின் அலை அலையான சாம்பல் நிறக் கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதைத் துளைக்கவோ அறுக்கவோ வேண்டாம்.

கிராண்டு என்ன சொல்கிறது

வீட்டில் உள்ள எல்லாக் குறையும் பணத்தோடு போகும். காகிதத்தில் உள்ள குறை பிள்ளைகள் தலைமுறைக்கும் வரும். வாட்ஸ்அப்பில் வலம்வரும் "2,400 சதுர அடி வீட்டுமனை, ரொக்கம் மட்டும்" விளம்பரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி, அதில் 18 மனை வரும். நில அலுவலக ஏட்டில் அந்த 18 மனையும் இருக்காது. ஒரே கிராண்டு, அதில் 18 பெயர், ஆளுக்கு 1/18 பாகம். உங்கள் பாகம் எந்த மூலையில் என்று கிராண்டில் எழுதியிருக்காது. விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் கீழ், அதாவது கிட்டத்தட்ட ஓர் ஏக்கருக்குக் கீழ், பிரிக்கத் தேசிய நிலச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. பேங்க் கடன் தராது, வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கிடைப்பது கடினம், பதினெட்டுப் பேரில் ஒருவர் இறந்தால் அவர் வாரிசு விவகாரம் முடியும்வரை மற்றவர்களும் காத்திருக்க நேரிடும். ரொக்கம் மட்டும் என்று கேட்பதன் காரணம் இப்போது புரியும்.

எந்த வீடானாலும் நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல், அதாவது சாரியான் ரஸ்மி, எடுங்கள். லாட் எண், கிராண்டு எண், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயர் இருந்தால் போதும். அதில் நில வகை கட்டடமா விவசாயமா என்று பாருங்கள். 'செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்' என்ற வரியில் மாநில அனுமதி இல்லாமல் விற்கக்கூடாது என்றிருந்தால் பெயர் மாற்றம் மாதக்கணக்கில் இழுக்கும். மலிவு விலை வீடுகளிலும் குத்தகை நிலங்களிலும் இது சகஜம். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றிருந்தால் நம்மவர் பெயருக்கு மாறாது, பேச்சு அங்கேயே முடிந்தது. பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடா என்பதையும் கேளுங்கள். கேவியட், அதாவது நிலத்தில் தனக்கு உரிமை உண்டு என்று ஒருவர் பதிவு செய்யும் தடை, போடப்பட்டிருந்தால் போட்டவர் யார், ஏன் என்று தெரியாமல் கையெழுத்து வேண்டாம். தனியார் கேவியட் இடையில் நீக்கப்படாவிட்டால் ஆறு ஆண்டு நிற்கும். 99 வருடக் குத்தகையில் மிச்சம் எத்தனை என்று எண்ணுங்கள். கடன் முடியும் காலத்துக்கும் குத்தகை முடியும் காலத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி இல்லாவிட்டால் பேங்க் பின்வாங்கும், நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போதும் இதே கதைதான்.

வீட்டில் யார் அதிகம் நடமாட முடியாதவர்?

சம்பாதிப்பவரின் வேலைத் தூரத்தை வைத்தே பலர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாட்டிக்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் என்றால் அந்தப் பாதைதான் முதல் கணக்கு. யார் கொண்டுபோய் விடுவது, யார் திரும்ப அழைத்து வருவது? மாவட்ட மருத்துவமனை தஞ்சோங் காராங்கில் இருக்கிறது, பெரிய நோய்க்குப் பெரும்பாலும் சுங்கை பூலோ. கிளினிக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு ஒன்று என்பதை நிறுத்தத்தில் நிற்கும் அம்மாவிடம் கேளுங்கள்.

தமிழ்ப்பள்ளி அருகில் இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். ஆறு வகுப்பிலும் சேர்த்து எத்தனை பிள்ளைகள், வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறார்களா, வேன் எத்தனை மணிக்கு முதல் பிள்ளையை ஏற்றுகிறது என்று கேளுங்கள். தாமானின் கடைசி வீடு என்றால் உங்கள் பிள்ளைதான் முதலில் எழ வேண்டியிருக்கும். அடுத்தது இடைநிலைப்பள்ளி. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பள்ளியில் இப்போது தமிழாசிரியர் இருக்கிறாரா என்பதே உண்மையான கேள்வி.

லாத்தார் நெடுஞ்சாலைக்குப் பத்தே நிமிடம் என்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அது உண்மைதான். வேலை நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு வழிக்கு 35 கிலோமீட்டர், மாதம் 24 நாள் என்றால் 1,680 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 140 லிட்டர், டோல் தனி. ராவாங்கில் வாங்குவதைவிட இங்கே வீட்டுத் தவணை எவ்வளவு குறைகிறது என்பதோடு இதை ஒப்பிடுங்கள்.

கையிருப்பு

3 லட்சம் வெள்ளி பழைய வீட்டுக்கு 90 விழுக்காடு கடன் என்றால் சொந்தப் பணம் 30,000. பெயர் மாற்ற முத்திரை வரி 5,000, கடன் முத்திரை வரி 1,350, இரண்டு ஒப்பந்தங்களுக்கும் லோயர் கட்டணம் 1.25 விழுக்காட்டில் 3,750-ம் 3,375-ம். மொத்தம் 13,475. சேவை வரியும் இதரச் செலவும் இதற்கு மேல். முதல் வீடு என்றால் முத்திரை வரி விலக்கு கிடைக்குமா என்று லோயரிடம் கேளுங்கள். 35 ஆண்டு, 4.2 விழுக்காடு வட்டியில் மாதத் தவணை சுமார் 1,228 வெள்ளி வரும். புதுவீடு என்றால் சாவி வாங்கிய 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளைப் படத்தோடு எழுத்தில் கொடுங்கள், வாய்ச்சொல் செல்லாது.

ஏஜெண்டின் கழுத்து அட்டையில் பதிவு எண்ணும் கியூஆர் குறியும் இருக்கும், போனில் சோதித்துக்கொள்ளுங்கள். அவருடைய கமிஷனை விற்பவர்தான் கொடுக்க வேண்டும். முன்பணம் வழக்கமாக 2 அல்லது 3 விழுக்காடு. அதை அவர் சொந்தக் கணக்கில் போடாமல் ஏஜென்சியின் வாடிக்கையாளர் கணக்கிலோ லோயரின் கணக்கிலோ போடுங்கள். பேங்க் கடன் மறுத்தால் முழுப் பணமும் எத்தனை நாளில் திரும்பும் என்பதை, கையெழுத்துப் போடும் முன், அதே படிவத்தில் எழுதி வாங்குங்கள்.