மிட்ஃபீல்டர்: நடுக்களமும் இடையும்

ஸ்காட்லாந்துக் கால்பந்தாட்டக்காரர் ஜிம் பாக்ஸ்டரைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும் எவருக்கும் முதல் வரியிலேயே ஒரு சொல் தேவைப்படும். அவர் எந்த இடத்து ஆட்டக்காரர்? இன்றைய விளையாட்டுப் பக்கங்கள் 'மிட்ஃபீல்டர்' என்று எழுதிவிடும். அவர் ஆடிய காலத்தில் அவருக்கு இருந்த பெயர் வேறு: 'லெஃப்ட் ஹாஃப்'. சட்டையில் எண் 6. இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையில் கால்பந்தின் நூறாண்டு வரலாறு கிடக்கிறது. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைப் போட்டால் அந்த வரலாறு மறைந்துவிடும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மிட்ஃபீல்ட் என்பது முதலில் இடத்தின் பெயர். 'மிட்' பழைய ஆங்கிலத்திலேயே உள்ள சொல். இலத்தீனின் மீடியஸ், சமஸ்கிருதத்தின் மத்ய ஆகியவற்றோடு வேர் உறவு உடையது. அந்த மத்யதான் நம்மிடம் மத்தி, மத்தியம் என்று புழங்குகிறது. ஆகவே இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் எழுதும் 'மத்தியகள வீரர்' மூலச் சொல்லுக்குத் தூரத்துச் சொந்தம். 'ஃபீல்ட்' என்றால் திறந்த வெளி, வயல். மைதானத்தின் நடுப்பகுதிக்கு ஏற்பட்ட இந்தப் பெயர் பிறகு அங்கே ஆடுபவருக்கும் ஒட்டிக்கொண்டது. 4-2-4, 4-3-3 போன்ற அணி அமைப்புகள் (பின்னால், நடுவே, முன்னால் நிற்போரின் எண்ணிக்கை) பரவிய 1960கள், 70களில்தான் மிட்ஃபீல்டர் என்பது அன்றாடச் சொல்லாக நிலைத்தது.

அதற்கு முன்னால் இருந்தது ஹாஃப் பேக். பின்னால் நிற்பவர் 'பேக்'. முன்வரிசைக்கும் அவருக்கும் பாதி வழியில் நிற்பவர் 'ஹாஃப் பேக்'. ரக்பியிலும் இதே சொல் உண்டு, அங்கே முக்கால் பேக்கும் உண்டு. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் நடந்த முதல் பன்னாட்டுக் கால்பந்து ஆட்டத்தில் ஸ்காட்லாந்து இரண்டு ஹாஃப் பேக்குகளோடும் ஆறு முன்வரிசைக்காரர்களோடும் இறங்கியது. இங்கிலாந்து முன்வரிசையை இன்னும் நிரப்பி வைத்திருந்தது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஒருவரே முட்டி மோதி ஓடுவது ஆங்கிலேயர் பாணி. ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி முன்னேறுவது ஸ்காட்லாந்துக்காரர்களின் பாணி. ஆட்டம் 0-0 என முடிந்தது. ஆனால் கொடுத்து வாங்கும் ஆட்டமே பின்னாளில் உலகமெங்கும் பரவியது. கொடுத்து வாங்கி ஆட வேண்டுமென்றால் பின்வரிசையிடம் வாங்கி முன்வரிசைக்குக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஹாஃப் பேக்கின் பிழைப்பே அதுதான்.

பிறகு 2-3-5 அமைப்பு நிலைபெற்றது: பின்னால் இருவர், நடுவே மூன்று ஹாஃப், முன்னால் ஐவர். எதிரணிக் கோலருகே பந்துக்கு முன்னால் போய் நிற்பதைக் கட்டுப்படுத்தும் ஆஃப்சைடு விதி 1925இல் மாறியதும் முன்வரிசைக்கு வழி திறந்துவிட்டது. அதை அடைக்க ஆர்சனல் பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மன் காலத்தில் நடு ஹாஃபைப் பின்னுக்கு இழுத்துத் தடுப்பாளராக்கினார்கள். மிச்சமிருந்த இரண்டு பக்க ஹாஃப்களிடம்தான் ஆட்டத்தைக் கோக்கும் வேலை வந்து சேர்ந்தது.

பாக்ஸ்டர் அந்த மரபில் வந்தவர். 1939இல் ஃபைஃப் மாவட்டத்து ஹில் ஆஃப் பீத் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். தாமும் சுரங்கத்தில் வேலை பார்த்தார். 1957இல் ரெய்த் ரோவர்ஸ் அணியில் சேர்ந்தார். 1960இல் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அணி அவரை 17,500 பவுண்டுக்கு வாங்கியது. ஒல்லியான உடம்பு, இடது கால் மட்டுமே போதும் என்ற ஆட்டம், அவசரமே தெரியாத நடை. எதிராளியின் காலில் விழுந்து பந்தைப் பறிப்பது அவர் வேலையாக இருந்ததில்லை. முப்பது கஜம் தள்ளி ஓடுகிறவனின் காலடியில் பந்தைக் கொண்டுபோய் வைப்பதுதான் அவருடைய கலை. ரேஞ்சர்ஸில் அந்த முதல் ஐந்தாண்டுகளில் மூன்று லீக் பட்டங்கள், மூன்று ஸ்காட்டிஷ் கோப்பைகள்.

1963 ஏப்ரலில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தோடு ஆடியபோது, தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஸ்காட்லாந்தின் எரிக் கால்டோவுக்குக் கால் முறிந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. பத்துப் பேரோடு ஆடி ஸ்காட்லாந்து 2-1 என வென்றது. இரண்டு கோலும் பாக்ஸ்டர் போட்டவை. 1967இல் அதே மைதானம். எதிரே முந்தைய ஆண்டுதான் உலகக் கோப்பை வென்றிருந்த இங்கிலாந்து. ஸ்காட்லாந்து 3-2 என முந்தியது. ஆட்டத்தின் நடுவில் பாக்ஸ்டர் பந்தைக் கீழே விடாமல் காலால் தட்டித் தட்டிக்கொண்டே நடந்த காட்சியை அந்நாட்டு ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். இன்னும் நிறைய கோல் போட வேண்டும் என்று அதே அணியின் முன்வரிசைக்காரர் டெனிஸ் லா தவித்தார். பாக்ஸ்டருக்கோ இங்கிலாந்தைச் சீண்டிப் பார்ப்பதே போதுமாக இருந்தது. எனக்கு லாவின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனாலும் அந்தக் காட்சியிலிருந்து கண்ணை எடுக்க முடிவதில்லை.

மற்றது வருத்தமான கதை. 1964 டிசம்பரில் வியன்னாவில் ரேப்பிட் அணியோடு ஆடும்போது கால் முறிந்தது. குடியும் கூடியது. சண்டர்லேண்ட், 1,00,000 பவுண்டுக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், மறுபடி ரேஞ்சர்ஸ் என்று சுற்றி 1970இல், 31 வயதில், ஆட்டத்தை விட்டார். நாட்டுக்காக ஆடியது 34 ஆட்டங்கள். 1994இல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை இருமுறை நடந்தது. 2001இல் புற்றுநோயால் இறந்தார்.

இனி, தமிழ். முன்களம், நடுக்களம், பின்களம் என்ற மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை, கேட்டதும் விளங்குபவை. களம் நமக்குப் பழகிய சொல்: போருக்கும் களம், நெல்லடிக்கவும் களம், ஆடவும் ஆடுகளம். ஆகவே மிட்ஃபீல்டருக்கு 'நடுக்கள ஆட்டக்காரர்' என்பதே பொருத்தம். சுருக்குகிறேன் என்று 'நடுவர்' ஆக்கிவிடக் கூடாது; அவர் விசில் ஊதுகிறவர். 'வீரர்' என்று எழுதுவோரும் உண்டு. ஆட்டக்காரர் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருசேரப் பொருந்தும். வீராங்கனை என்று தனியே பிரிக்க வேண்டியதில்லை.

ஹாஃப் பேக்குக்கு மட்டும் 'இடையாட்டக்காரர்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். நடு என்பது ஓர் இடம். இடை என்றால் இரண்டுக்கு ஊடே உள்ளது. இலக்கணத்தில் இடைச்சொல் பெயரையும் வினையையும் சார்ந்து வந்து அவற்றை இயங்க வைப்பது போல, பின்வரிசையையும் முன்வரிசையையும் சேர்த்து இயக்குபவர் இவர். இடைச்சொல்லுக்குத் தனித்து நிற்கும் இயல்பு இல்லை என்பார்கள். பாக்ஸ்டருக்கு அது ஏராளமாகவே இருந்தது. அந்த அளவில் ஒப்புமை அவரிடம் தோற்றுப்போகிறது. ஆனால் வேலையின் பெயராக இது சரியாக நிற்கும். லெஃப்ட் ஹாஃப் இடப்புற இடையாட்டக்காரர், ரைட் ஹாஃப் வலப்புற இடையாட்டக்காரர்.

மொழிபெயர்ப்பவர்கள் இடறக்கூடிய இடம் சென்டர் ஹாஃப். அந்த ஆட்டக்காரர் பின்னுக்குப் போன பிறகும் பிரிட்டனில் பெயர் மாறவில்லை. 1925க்கு முந்தைய செய்தி என்றால் 'நடு இடையாட்டக்காரர்' என்று எழுதலாம். பிந்தியது என்றால் பெரும்பாலும் 'மையப் பின்கள ஆட்டக்காரர்' என்றே கொள்ள வேண்டும். 1967 வெம்ப்ளி ஆட்டத்தின் ஸ்காட்லாந்து அணிப்பட்டியலைப் பழைய 2-3-5 வரிசையில் பார்த்தால் கிரெக், மெக்கினன், பாக்ஸ்டர் மூவரும் ஒரே ஹாஃப் வரிசையில் இருப்பார்கள். ஆனால் மெக்கினன் தடுப்பாளர். முன்வரிசையில் பெயர் இருக்கும் பில்லி பிரெம்னரோ அசல் நடுக்கள ஆட்டக்காரர்.