குச்சியால் தொட்டால் நடக்கிறதா?

"மாவுப்பூச்சி வந்துவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்ற கேள்வியோடு செல்போனில் ஒரு படம் வரும். பெரிதாக்கிப் பார்த்தால், செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே வெள்ளைப் பஞ்சு மாதிரி இரண்டு மூன்று உருவங்கள். ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், நடக்கிறதா என்று சொல்லுங்கள் என்பேன்.

விறுவிறுவென்று நடந்தால் அநேகமாக அது ஸ்கிம்னஸ் என்ற குட்டிப் பொறிவண்டின் புழு. அசுவினியைத் தின்னத்தான் அங்கே வந்திருக்கிறது. மாவுப்பூச்சி அப்படி ஓடாது. உறிஞ்சுகுழலைச் செடிக்குள் இறக்கிவிட்டுக் கிடப்பது அது. இன்னும் சந்தேகமா? ஈரத் தூரிகையால் மெழுகைத் துடைத்துவிட்டு லென்ஸில் பாருங்கள். பொறிவண்டுப் புழுவானால் தலை தனியாகத் தெரியும், ஆறு கால்களும் உடலின் முன்பாதியில் இருக்கும். வேலைக்கு வந்த புதிதில் நானே இதை மாவுப்பூச்சி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். துடைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அந்த மெழுகு எறும்புக்கு எதிரான கவசம். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். மற்ற பொறிவண்டுகளை விரட்டும். இந்தப் புழுவைக் கடிக்க வந்தாலோ வாயெல்லாம் மெழுகு அப்பிக்கொள்ளும். புழு பாட்டுக்கு அசுவினியைக் கவ்வி, சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போட்டுவிட்டுப் போகும்.

வளர்ந்த வண்டைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. சிவப்பு உடம்பில் கரும்புள்ளி என்று மனதில் பதிந்துபோன படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீளம் 1.5 முதல் 3 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட கடுகு. பழுப்பு அல்லது கறுப்பு நிறம். முதுகில் பொடி ரோமம். கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் விழும். இலையைத் துளைக்கும் துள்ளு வண்டும் கூடவே விழக்கூடும். அதன் உணர்கொம்பு நூல்போல நீளமானது, தொட்டால் எம்பிக் குதிக்கும். பொறிவண்டின் உணர்கொம்பு குட்டை, நுனி தடித்திருக்கும், குதிக்கத் தெரியாது.

எந்த இனம் என்றும் சிலர் கேட்பார்கள். ஸ்கிம்னஸில் மட்டுமே நூற்றுக்கணக்கான இனங்கள். ஆண் வண்டை அறுத்து உள்ளுறுப்பைப் பார்த்துத்தான் பலவற்றைப் பிரிக்க முடியும், போட்டோவில் முடியாது. மருந்து அடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்தப் பெயர் தேவையும் இல்லை. புழு நடமாட்டமும் வெறும் தோல்களும் தெரிந்தால் ஒரு வாரம் மருந்தைத் தள்ளிப்போடச் சொல்வேன். அதற்குள் தண்டில் எறும்பு ஏறும் வழியை மட்டும் அடைத்துவிடுங்கள்.