இசிஆர் பாஸ்போர்ட்டும் பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடும்: வளைகுடா புறப்படும் முன்

பேரணாம்பட்டு, வாணியம்பாடி, குடியாத்தம் எனப் பழைய வடாற்காட்டு ஊர்களிலிருந்து வேலைக்காக வளைகுடா செல்வோரில், பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ‘இசிஆர்’ (குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை) என்ற குறிப்பு இருக்கும். பலர் இதை ஒரு குறையாகவே எண்ணுகிறார்கள். உண்மையில், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வேலை ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை பார்த்த பிறகே ஆளை அனுப்ப வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. சவுதி, குவைத், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இது பொருந்தும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. பத்தாம் வகுப்பு தேறியும் இக்குறிப்பு உள்ளவர்கள், சான்றிதழுடன் மறு விண்ணப்பம் செய்து அதை நீக்கிக்கொள்ளலாம். வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது.

இசிஆர் பாஸ்போர்ட் உள்ளவர் வேலைக்குச் செல்வதற்கான இந்த அனுமதிக்கான விண்ணப்பம், மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளம் வழியாகச் செல்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும். “இப்போது விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று எவர் சொன்னாலும், அந்த வழியில் போகிறவருக்கு ஒப்பந்தச் சரிபார்ப்பும் காப்பீடும் இல்லாமல் போகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்தக் காப்பீட்டின் பெயர் பிரவாசி பாரதிய பீமா யோஜனா. இசிஆர் பிரிவினருக்கு இது கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

பயணத்துக்கு முந்தைய நாள், பெட்டியில் ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கும் நேரத்தில், சாவைப் பற்றிப் பேசுவது நம் வீடுகளில் அபசகுனம். அதனால் நாமினி யார் என்பதே மனைவிக்குத் தெரியாமல் ஆள் கிளம்பிவிடுகிறார். திருமணத்துக்கு முன் தந்தையை நாமினியாக வைத்து எடுத்த பாலிசி முடிந்து, அடுத்தது எடுக்கையில் பழைய பெயரையே எழுதிவிடுவதும் உண்டு. எனவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, மனம் சற்று நிதானமாக இருக்கும்போது, பாலிசி, ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் ஆகியவற்றின் நகல்களைக் குடும்பத்தாரிடம் கொடுத்து, நாமினி பெயரையும் பாலிசி முடியும் தேதியையும் அவர்களே வாசித்துப் பார்க்கும்படி செய்ய வேண்டும்.