தெருவைத் தோண்டுபவர் யாரிடம் பதில் சொல்ல வேண்டும்? சென்னையின் ‘ரோடு கட்’ விதிகள்

சென்னையில் பொதுத் தெருவை யாரும் இஷ்டத்துக்குத் தோண்டிவிட முடியாது. குடிநீர் வாரியம், மின்வாரியம் போன்ற அரசு அமைப்புகளாக இருந்தாலும் சரி, இன்டர்நெட் கேபிள் பதிக்கும் தனியார் கம்பெனியாக இருந்தாலும் சரி, வீட்டுக்கு வீடு எரிவாயுக் குழாய் கொண்டுவரும் நிறுவனமாக இருந்தாலும் சரி, மாநகராட்சியிடம் (ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அந்தத் துறையிடம்) சாலை வெட்டு அனுமதி வாங்கிய பிறகுதான் ரோட்டில் கடப்பாரை வைக்கலாம். பேச்சு வழக்கில் இதை ‘ரோடு கட் பர்மிஷன்’ என்பார்கள்.

ஆனால் தெருவில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்தத் துறைகளின் ஊழியர்கள் இல்லை. வேலையை எடுத்த காண்ட்ராக்டர் இருப்பார். அவரிடம் பாதி தூரத்தை எடுத்துச் செய்யும் இன்னொருவர் இருப்பார். பள்ளம் மூடப்படாமல் கிடக்கும்போது யாரைக் கேட்டாலும் “எங்க வேலை இல்லை சார்” என்றே பதில் வருகிறது. விதிப்படி பார்த்தால் இதில் குழப்பமே இல்லை. அனுமதி யார் பெயரில் இருக்கிறதோ அவரே பொறுப்பாளி. அவர் வேலையை யாருக்குக் கைமாற்றினாலும் அந்தப் பொறுப்பு கைமாறாது. அனுமதி கொடுத்த மாநகராட்சிக்கோ, கொடுத்த பிறகு வந்து பார்க்க வேண்டிய கடமை இருக்கிறது.

அந்த ரோடு யாருடையது?

புகார் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சென்னையில் எல்லா ரோடும் மாநகராட்சிக்குச் சொந்தம் இல்லை. அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. மாநகராட்சியிடம் இருப்பவற்றிலும் இரண்டு வகை உண்டு: பேருந்து ஓடும் சாலைகளை அதற்கென உள்ள தனித் துறை பார்க்கிறது, உட்புறத் தெருக்களை மண்டல அலுவலகமும் உங்கள் வார்டின் உதவிப் பொறியாளரும் பார்க்கிறார்கள். தவறான அலுவலகத்துக்குப் போன புகார் ‘எங்கள் சாலை அல்ல’ என்ற ஒரே வரியில் முடித்து வைக்கப்படும்.

அனுமதிக் கடிதம்

தோண்ட விரும்பும் நிறுவனம் எந்தத் தெரு, எவ்வளவு நீளம், அகலம், ஆழம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று வரைபடத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். பொறியாளர் அந்த இடத்தைப் பார்த்து, தார் ரோடா, சிமெண்ட் ரோடா, நடைபாதையா என்பதைப் பொறுத்து சீரமைப்புக் கட்டணத்தைக் கணக்கிடுவார். அந்தப் பணம் முன்கூட்டியே கட்டப்பட வேண்டும். போக்குவரத்து மிகுந்த சாலை என்றால் போக்குவரத்துக் காவல்துறையின் சம்மதமும் வேண்டும்; அப்படிப்பட்ட இடங்களில் வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். பிறகு கிடைப்பதுதான் அனுமதிக் கடிதம். தடுப்பு வைக்க வேண்டும், அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், எடுத்த மண்ணை அகற்ற வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் எல்லாம் அதில் இருக்கும்.

சீரமைப்புக் கட்டணத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது பெரும்பாலும் மேலே மறுபடி ரோடு போடுவதற்கான பணம். பள்ளத்தை ஒழுங்காக மூடி, ரோட்டு மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலை தோண்டியவருடையது. ஆக, மூடுவது ஒருவர், மேலே தார் போடுவது வேறொருவர். இந்த இரண்டுக்கும் நடுவே போகும் வாரங்களில், சில இடங்களில் மாதங்களில், தெருவாசிகள்தான் அவதிப்படுகிறார்கள். மேற்பார்வை எங்கே தளர்கிறது என்று கேட்டால் நான் இந்த இடைவெளியைத்தான் காட்டுவேன். பணம் வசூலிப்பதில் காட்டும் கண்டிப்பு, பள்ளம் மூடும் அன்று அங்கே வந்து நிற்பதில் இல்லை.

கேபிள் கம்பெனிகளுக்குத் தனி விதி

தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு மத்திய அரசு தனியாக விதிகள் வைத்திருக்கிறது. 2016-ல் வந்த வழியுரிமை விதிகளின் (பொது இடத்தில் கேபிள் பதிக்க அனுமதி பெறுவது பற்றியவை) இடத்தில், 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. விண்ணப்பித்து 67 நாளுக்குள் உள்ளாட்சி அமைப்பு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்கிறது இந்த விதி. நிறுவனங்களை இழுத்தடிக்கக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் மண்டல அலுவலகத்தில் கோப்பு தூங்கினால், யாரும் இடத்தைப் பார்க்காமலே ஒரு தெரு தோண்டப்படும் வாய்ப்பும் இதனால் வருகிறது. சேதமான ரோட்டைச் சீரமைக்கும் பொறுப்பு மட்டும் அப்போதும் நிறுவனத்தை விட்டுப் போகாது.

இன்னொரு விதியும் உண்டு. 2023 ஜனவரியில் வந்த தந்திக் கட்டமைப்புப் பாதுகாப்பு விதிகளின்படி (பெயரில் தந்தி என்று இருந்தாலும் இவை தொலைத்தொடர்புக் கேபிள்களுக்கானவை), தோண்டப் போகிறவர் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதற்காகவே ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலி 2023 மார்ச் 22 அன்று தொடங்கப்பட்டது. தோண்டும் இடத்தை அதில் பதிந்தால், அங்கே மண்ணுக்கடியில் கேபிளோ குழாயோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். அறிவிக்காமல் தோண்டி கேபிளை அறுத்தால் நஷ்டத்தை அறுத்தவரே கட்ட வேண்டும்.

தெருவுக்கு இந்த முன்னறிவிப்பால் என்ன லாபம்? இப்போது கேபிள் போடுபவர்கள் முழு நீளத்துக்கும் பள்ளம் வெட்டுவதில்லை. இங்கொரு குழி, அங்கொரு குழி வெட்டி, நடுவில் இயந்திரத்தால் துளை போட்டுக் குழாயைச் செலுத்துகிறார்கள். ரோடு தப்பிக்கிறது. ஆனால் அடியில் பழைய கழிவுநீர்க் குழாய் எந்த ஆழத்தில் போகிறது என்று பார்க்காமல் துளை போட்டால் அது உடையும். உடைந்தது மேலே தெரியாது. கசியும் கழிவுநீர் குடிநீர்க் குழாயில் கலந்து, சில நாள் கழித்து வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் நாறும்போதுதான் தெரியவரும். உங்கள் தெருவில் கேபிள் வேலை முடிந்த சில நாளில் தண்ணீரின் நிறமோ வாடையோ மாறினால், உடனே குடிக்கப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு குடிநீர் வாரியத்தின் 1916-க்குப் போன் செய்து, கேபிள் வேலை நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்கு அது காட்டிக் கொடுக்கும்.

மூடும் நாள்

பள்ளம் சரியாக மூடப்படுகிறதா என்று பார்க்க இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை. ஓரத்தை முதலில் பாருங்கள். கட்டர் வைத்து அறுத்திருந்தால் தாரின் விளிம்பு நேர்கோடாக இருக்கும். ஜேசிபி பற்களால் பிய்த்திருந்தால் விளிம்பு கிழிந்து, விரிசல் இரண்டு பக்கமும் ஓடியிருக்கும். அனுமதி வாங்கிய அகலம் ஒன்று, கெட்டுப்போன அகலம் இன்னொன்று என்று ஆவது இப்படித்தான்.

அடுத்தது உள்ளே என்ன போகிறது என்பது. அடுக்கு அடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் தண்ணீர் தெளித்து, அதிரும் தகடு கொண்ட இயந்திரத்தாலோ ரோலராலோ இறுக்க வேண்டும். நடப்பதோ வேறு. தோண்டி எடுத்த சேறு, செங்கல் துண்டு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளி, ஜேசிபியின் வாளியால் மேலே நான்கு தட்டுத் தட்டி, ஜல்லியைத் தூவிவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்று பார்க்க ரோட்டு மட்டமாகத்தான் இருக்கும். முதல் மழையில் மண் அமுங்கி, தெருவின் நீளத்துக்கும் ஒரு வாய்க்கால் உருவாகும். டூவீலரில் போகிறவர் அந்த விளிம்பில் சக்கரத்தை விட்டால் சாய்வது நிச்சயம். மேலே புதிதாகத் தார் போட்டாலும் அடி மண் அமுங்கினால் தாரும் கூடவே அமுங்கும். அதனால்தான் மழைக்குப் பிறகு வரும் நூறு புகாரைவிட, மூடும் அன்று எடுத்த ஒரு போட்டோ பயன்படும் என்கிறேன்.

புது ரோடு என்றால் இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ரோடு போட்ட காண்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் சொன்ன காலம் வரை பழுதுக்குப் பொறுப்பு. நடுவில் வேறொருவர் அந்த ரோட்டை வெட்டிவிட்டால், “என் ரோட்டை அவர்தான் கெடுத்தார்” என்று முதலாமவர் கைகழுவ வழி கிடைத்துவிடுகிறது.

மழைக்காலத் தடை

வடகிழக்குப் பருவமழைக்கு முன், வழக்கமாக செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ, சாலை வெட்டுக்குத் தடை விதித்து மாநகராட்சி அறிவிப்பு வெளியிடும். குழாய் உடைப்பு, மின்தடை போன்ற அவசர வேலைகளுக்கு விலக்கு கிடைக்கும். தடைக்காலத்தில் உங்கள் தெருவில் புதிதாக யாராவது தோண்டினால், அவசரம் என்ன என்று கேட்கலாம். தடைக்கு முன் தோண்டியதை மூடாமல் விட்டிருந்தால் அது இன்னும் ஆபத்து. தண்ணீர் தேங்கிய தெருவில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. 2022 அக்டோபரில் ஓர் இளம் செய்தியாளர் சென்னையில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து உயிரிழந்தார். தடுப்பும் ஒளிரும் பட்டையும் வைக்கச் சொல்லும் நிபந்தனை இப்படிப்பட்ட சாவைத் தடுக்கத்தான் இருக்கிறது. ஒரு கயிற்றைக் கட்டி, சிவப்புத் துணியைத் தொங்கவிடுவது தடுப்பு ஆகாது.

சட்டமும் கைவசம் உண்டு. பொதுவழியில் ஆபத்தோ இடையூறோ ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவின் கீழ் குற்றம். 5,000 ரூபாய் வரை அபராதம். சாலையின் பாதுகாப்புத் தரத்துக்குப் பொறுப்பான அதிகாரியோ காண்ட்ராக்டரோ அதைக் கடைப்பிடிக்காமல் மரணமோ ஊனமோ நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓர் உயிருக்கு முன்னால் இந்தத் தொகை மிகச் சிறியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது

வேலை நடக்கும்போதே அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். மேஸ்திரியிடம் இருக்காது, அவர் கூலிக்கு வந்தவர், அவரோடு சண்டை வேண்டாம். எந்த நிறுவனத்தின் வேலை, சூப்பர்வைசர் யார் என்று மட்டும் விசாரித்து, பலகை இருந்தால் அதையும் பள்ளத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாநகராட்சியின் 1913 எண்ணிலோ ‘நம்ம சென்னை’ செயலியிலோ புகார் பதியலாம். ‘ரோடு மோசம்’ என்று எழுதினால் வேலை ஆகாது. ‘இந்த வீட்டு எண்ணிலிருந்து இந்த வீட்டு எண் வரை, இந்தத் தேதியில் தோண்டியது, தடுப்பு இல்லை, மண் அகற்றவில்லை’ என்று எழுதுங்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். கவுன்சிலரிடமும் அதே எண்ணோடு போங்கள். பதில் சரியில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100 இருக்கிறது.

அதுவும் பலிக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். அனுமதிக் கடிதம், கட்டிய சீரமைப்புக் கட்டணம், மூடிய பிறகு பொறியாளர் பார்வையிட்ட குறிப்பு ஆகிய மூன்றின் நகலையும் கேளுங்கள். மூன்றாவது பல கோப்புகளில் இருக்காது; இல்லை என்று எழுத்தில் வந்தாலே அது உங்கள் கையில் ஓர் ஆதாரம். ‘தனியார் நிறுவனத்தின் தகவல், தர முடியாது’ என்று தட்டிக்கழித்தால், அரசு அமைப்பு சட்டப்படி பெறக்கூடிய தனியார் தகவலும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2(எஃப்) பிரிவைச் சுட்டி மேல்முறையீடு செய்யலாம். 2(ஜே) பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை வாங்கவும் குடிமகனுக்கு உரிமை உண்டு. பள்ளத்தில் போட்டது ஜல்லியா சேறா என்று தெரிந்துகொள்ள அதையும் கேட்கலாம்.

உங்கள் வீட்டு வேலைக்கும் இதே விதிதான். புது குடிநீர் இணைப்போ கழிவுநீர் இணைப்போ வேண்டும் என்றால் குடிநீர் வாரியத்தில் விண்ணப்பித்து, ரோடு வெட்டும் கட்டணத்தையும் கட்டிவிட்டே ஆரம்பியுங்கள். “ராத்திரியோடு ராத்திரியாக முடிச்சுடலாம்” என்று சொல்லும் பிளம்பரை நம்பினால், பிடிபடும்போது பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.