நீர்ச்சறுக்கு: முழங்காலை நீட்ட அவசரப்படாதீர்கள்

ஜூலை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், நாற்பது வயது கடந்த ஒருவர் என் சிகிச்சை அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், அவரால் முடியவில்லை. முந்தைய நாள் கனடாவின் மஸ்கோகா பகுதி ஏரி ஒன்றில், வாழ்க்கையில் முதல் தடவையாக நீர்ச்சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டி, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்திருக்கிறார். "கயிறு இழுத்தது, நானும் இழுத்தேன். பிட்டத்துக்குள் ஏதோ அறுந்த மாதிரிச் சத்தம் கேட்டது" என்றார்.

அந்த ஒரு வரியிலேயே காயத்தின் கதை முழுவதும் இருக்கிறது. பின்தொடைத் தசைகள், நாம் உட்காரும்போது நாற்காலியில் அழுந்துகிற எலும்பிலிருந்து தொடங்கி முழங்காலுக்குக் கீழே வரை போகின்றன. இடுப்பு மடிந்திருக்கும் நிலையில் முழங்காலை விறைப்பாக நீட்டினால் அவை இரு முனையிலும் இழுபடும். அதே நொடியில் படகும் இழுத்தால், தசைநார் எலும்பிலிருந்தே பிய்ந்துவிடலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தண்ணீரிலிருந்து எழும்பும்போதுதான் இது நேர்கிறது. பிட்டத்தில் திடீர் வலி, ஓரிரு நாளில் தொடையின் பின்புறம் கருநீலமாகக் கன்றுதல், உட்காரச் சிரமம் ஆகியவை இருந்தால் 'சுளுக்கு' என்று எண்ணெய் பூசிக் காத்திருக்காதீர்கள். முழுதாக அறுந்த தசைநார் நாளாக நாளாக மேலும் விலகிச் சுருங்கும். பிறகு அறுவை சிகிச்சை செய்வதும் கடினமாகும்.

இத்தனையும் பார்த்த பிறகும் இந்த விளையாட்டை நான் மனதார ஆதரிக்கிறேன். தொடை, முதுகு, வயிறு, முன்கை எல்லாம் ஒன்றுசேர்ந்து உழைக்கின்றன. உடற்பயிற்சிக்கூடத்தில் பத்து நிமிடம் நிற்கப் பொறுமையில்லாதவர்கள்கூட ஏரியை விட்டு வர மறுப்பதைக் கண்டிருக்கிறேன்.

1922ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, அமெரிக்காவின் மினசோட்டாவில் பெப்பின் ஏரியில், 18 வயது ரால்ஃப் சாமுவேல்சன் முதன்முதலாகத் தண்ணீர் மேல் சறுக்கினார். பல நாள் விழுந்து விழுந்து எழும்பியவருக்குக் கடைசியில் கைகொடுத்தது வலிமை அல்ல. பலகைகளின் முனையை நீருக்கு மேலே வைத்து, உடலைப் பின்னால் சாய்த்ததுதான். நீங்களும் அதையே செய்யுங்கள். முழங்கால்களை மார்போடு ஒடுக்கிக் குந்தியிருங்கள். கைகள் நேராக இருக்கட்டும். கயிற்றின் கைப்பிடியை உங்களை நோக்கி இழுக்க வேண்டாம். படகு உங்களைத் தூக்கும் வரை குந்திய நிலையிலேயே இருந்து, பலகைகள் நீரின் மேல் வந்த பிறகு மெதுவாக நிமிருங்கள். அப்போதும் முழங்கால் சற்று மடிந்தே இருக்க வேண்டும். சமநிலை குலைந்தால் கைப்பிடியை விட்டுவிடுங்கள். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள்.

இதை முதலில் புல்வெளியில் பழகலாம். தரையில் குந்தியிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையை ஒருவர் மெல்ல இழுக்கட்டும். பத்துத் தடவை செய்தால் உடம்புக்குப் பிடிபடும். ஏரிக்குப் போவதற்கு ஆறு வாரம் முன்பே குந்தி எழும்பும் பயிற்சியையும் பின்தொடைக்கான பயிற்சிகளையும் தொடங்குங்கள். வாரம் முழுவதும் மேசை முன் இருந்துவிட்டு, சனிக்கிழமை நேரே தண்ணீரில் இறங்குகிறவர்களுக்காகவே இதை வற்புறுத்துகிறேன்.

படகோட்டியிடமும் பேசுங்கள். பெரியவர்களுக்குத் தொடக்கத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் போதும். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. கனடாவில், ஓட்டுபவரைத் தவிர இன்னொருவர் படகிலிருந்து உங்களைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அவருக்குக் கையால் சைகை காட்டுங்கள்: பெருவிரல் மேலே என்றால் வேகத்தைக் கூட்டு, கீழே என்றால் குறை. விழுந்த பின் கையை உயர்த்தினால் 'நலமாக இருக்கிறேன்'. பதினைந்து நிமிடத்தில் கரைக்கு வாருங்கள். களைத்த காலோடு எடுக்கும் இன்னொரு முயற்சியில்தான் ஆபத்து அதிகம்.

நம்மவர்களில் நீச்சல் பழகாமலேயே இந்த நாட்டுக்கு வந்தவர்கள் பலர். அவர்கள் முதலில் நீச்சல்குளத்துக்குப் போக வேண்டும். உயிர்காப்பு அங்கி அதற்கு மாற்று அல்ல. அங்கியும் நுரை நிரப்பியதாக, உடம்போடு பொருந்தியதாக இருக்க வேண்டும். காற்றடைத்து ஊதும் வகை இதற்கு உதவாது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த மனிதர் மாதக்கணக்கில் என்னிடம் வந்தார். இப்போது கதவில் கட்டிய இரப்பர் பட்டையைப் பிடித்துக்கொண்டு, கை நேராக, முழங்கால் மடித்து, தரையில் குந்தியிருந்து எழும்பிப் பழகுகிறார். "இழுக்கட்டும், நான் இழுக்கமாட்டேன்" என்று ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார்.