போதைப்பொருள் வழக்கில் முதல் கேள்வி: எடை எவ்வளவு?

பையனைக் கஞ்சாவோடு பிடித்துவிட்டார்கள் என்று பதறிக்கொண்டு வருகிறவர்களிடம் வழக்கறிஞர் முதலில் கேட்பது, "எவ்வளவு இருந்தது?" என்றுதான். விற்றானா, தானே அடிக்க வைத்திருந்தானா என்பதெல்லாம் அப்புறம். என்டிபிஎஸ் என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. தண்டனை, ஜாமீன், குற்றப்பத்திரிகைக்கான கெடு மூன்றும் தராசில் விழும் எடையைப் பொறுத்தவை.

எடையை வைத்து மூன்று படிகள் உண்டு: சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் நடுவில் வருவது. கஞ்சாவுக்கு ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு; 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. ஹெராயினுக்கு இந்த எல்லைகள் 5 கிராமும் 250 கிராமும். கொக்கெயினுக்கு 2 கிராம், 100 கிராம். மெத்தாம்பெட்டமினுக்கு 2 கிராம், 50 கிராம். எக்ஸ்டசி எனப்படும் எம்டிஎம்ஏ மாத்திரைக்கு அரை கிராமும் 10 கிராமும்தான்.

சிறிய அளவென்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். நடுப்படியில் 10 ஆண்டு வரை சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும். வணிக அளவில் குறைந்தபட்சமே 10 ஆண்டு, அதிகபட்சம் 20. நீதிபதிக்கே இரக்கம் வந்தாலும் பத்துக்குக் கீழே இறங்க வழியில்லை. 2001 வரை நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலான போதைப்பொருட்களுக்கு, சொந்த உபயோகத்துக்கான சிறு அளவுதான் என்று குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்காவிட்டால், சில கிராமுக்கும் மூட்டைக்கும் ஒரே பத்தாண்டுதான். அந்த ஆண்டுத் திருத்தம்தான் படிகளைக் கொண்டுவந்தது.

ஜாமீனிலும் இதே கதை. வணிக அளவு என்றால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அரசு வழக்கறிஞரின் வாதத்தைக் கேட்ட பிறகு, இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனாலும் குற்றம் செய்ய மாட்டார் என்று நீதிமன்றத்துக்கே தோன்றினால்தான் ஜாமீன். விசாரணை தொடங்கும் முன்பே ஒருவர் நிரபராதி என்று நம்ப வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று யோசித்துப் பாருங்கள். வணிக அளவு வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப் போலீசுக்கு 180 நாள் உண்டு. நீதிமன்றம் அனுமதித்தால் ஓராண்டு வரை நீளும்.

எடை பார்ப்பதிலேயே இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. கலப்படம் முதலாவது. 4 கிராம் ஹெராயினை 300 கிராம் வேறு பொடியில் கலந்து ஒருவர் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். தூய சரக்கை மட்டும் பார்த்தால் சிறிய அளவு. ஆனால் மொத்தக் கலவையையும் எடை போட்டால் 304 கிராம், அதாவது வணிக அளவு. தூய அளவைத்தான் பார்க்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மொத்தக் கலவையையும் கணக்கில் எடுக்கும்படி மத்திய அரசு 2009-இல் எடை எல்லைகளுக்கான அறிவிக்கையை மாற்றியது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, மொத்தக் கலவையே கணக்கு என்று முடித்துவிட்டது. சில்லறை விற்பனையில் சரக்கு கைமாற மாற கலப்படம் கூடிக்கொண்டே போகும். ஆகவே கடைசிக் கண்ணியில் நிற்பவருக்கு இந்தத் தீர்ப்பு பாதகம்தான் என்பது என் கருத்து. கலவையாகத்தானே தெருவில் விற்கிறார்கள், கலவையாகத்தானே உயிரையும் எடுக்கிறது என்ற எதிர்வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இரண்டாவது, கஞ்சா என்றால் எது என்பது. சட்டப்படி செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள்தான் கஞ்சா; நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. வட மாநிலங்களில் கஞ்சாச் செடியின் இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விற்கும் கடைகள் உரிமத்தோடு நடப்பது இந்த இடைவெளியில்தான். அதனால் தண்டும் இலையுமாகச் சாக்கில் கட்டியதை அப்படியே தராசில் ஏற்றி 21 கிலோ என்று எழுதியிருந்தால், எதை எடை போட்டார்கள் என்பது வழக்கின் உயிர்நாடி. ஆனால் இலைக்கு விலக்கு இருக்கிறது என்று நினைத்து மாடித் தொட்டியில் செடி வளர்த்துவிடாதீர்கள். பயிரிடுவதற்கு எடைக் கணக்கே கிடையாது. ஒரே செடியானாலும் 10 ஆண்டு வரை போகலாம்.

சந்தை இந்த எல்லைகளையெல்லாம் நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறது. விசாகப்பட்டினத்து மலைப்பகுதியிலிருந்தும் ஒடிசாவின் மல்காங்கிரி, கோராபுட் பக்கமிருந்தும் ரயிலிலும் பேருந்திலும் தமிழ்நாட்டுக்கு வரும் கஞ்சாவைப் பையில் சுமப்பவர் பெரும்பாலும் குருவிதான், அதாவது கூலிக்குச் சரக்குச் சுமக்கும் ஆள். மலையில் விலைக்கும் சென்னையில் விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி, பிடிபட்டால் சிறை என்ற ஆபத்தின் விலை. அந்த ஆபத்தைச் சுமப்பவர் ஒருவர், லாபத்தைச் சுமப்பவர் வேறொருவர். சட்டம் எடை போடுவது கையில் இருப்பதை. முதலாளியின் கையில் எதுவும் இருப்பதில்லை. ஒரு குருவி மாட்டினால் கூலிக்கு இன்னொருவர் கிடைப்பார். கெடுபிடி கூடினால் சில்லறை விலையும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

முதலாளியை எட்டத்தான் 27ஏ பிரிவு இருக்கிறது: பணம் போட்டவருக்கும் அடைக்கலம் கொடுத்தவருக்கும் 10 முதல் 20 ஆண்டு. 2020 அக்டோபரில் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், விசாரணை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைத் தண்டிப்பதற்கு ஆதாரமாக எடுக்கவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "இவர்தான் அனுப்பினார்" என்று குருவி சொல்வது இனிப் போதாது; வங்கிக் கணக்கையும் சொத்தையும் துருவ வேண்டும். சட்டத்தின் 5ஏ அத்தியாயம் அதற்கு இடம் தருகிறது. கைதுக்கு முந்தைய ஆறாண்டுக்குள் முறைகேடாகச் சேர்த்த சொத்தை, உறவினர் பெயரில் இருந்தாலும் முடக்கலாம், பறிமுதல் செய்யலாம். தமிழ்நாடு காவல்துறை 'கஞ்சா வேட்டை' நடவடிக்கைகளில் கணக்குகளை முடக்கியது இந்த வழியில்தான்.

ஒரு பொருளை இறுக்கினால் சந்தை பக்கத்துப் பொருளுக்குத் தாவும். டிரமடால் வலி மாத்திரை 2018 ஏப்ரலில் என்டிபிஎஸ் பட்டியலுக்குள் வந்தது. அதே மாதிரி வலி மாத்திரையான டேபென்டடால் அப்போது பட்டியலில் இல்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் நம் ஊர்களில் போலீஸ் பிடித்த போதை மாத்திரைச் செய்திகளில் எந்தப் பெயர் அடிபட்டது என்று உங்களுக்கே தெரியும்.

இனி குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. உடம்பைச் சோதிக்கும் முன், அருகிலுள்ள கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று போலீஸ் சொல்லியாக வேண்டும் (50-ஆம் பிரிவு). பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். ஆனால் கையில் இருக்கும் பையைச் சோதிக்க இந்த விதி பொருந்தாது; இது பலருக்குத் தெரிவதில்லை.

அதைவிடக் குறைவாகத் தெரிந்தது 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர், உபயோகித்த குற்றத்திலோ சிறிய அளவு வழக்கிலோ சிக்கியிருந்தால், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம். குற்றம் நிரூபணமாகிவிட்டாலும் 39-ஆம் பிரிவின்படி, தண்டனைக்குப் பதில் அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. எல்லோரும் ஜாமீன் மனுவுக்கே ஓடுவதால் இந்த இரண்டு பிரிவுகளும் ஏட்டிலேயே கிடக்கின்றன. அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் 64ஏ பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள், ஏனென்றால் ஒப்புக்கொண்டால் அது தண்டனைப் பதிவாக நிற்கும். மையத்தில் சேர்ந்த தேதியும் சிகிச்சை முடித்ததற்கான சான்றும் கையில் இருக்கட்டும். சேரப்போகும் மையம் அங்கீகாரம் பெற்றதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. அழைக்கக் கட்டணம் இல்லை.